கட்டுங்கள், ஒட்டாதீர்கள்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கடலுக்குப் போகிற ஆள் உங்கள் வீட்டிலோ, கூடப் படித்தவர்களிலோ இருந்தால் கடைசி வரை படியுங்கள். நான் ஒருவனுக்குச் சொன்ன தப்பான யோசனையைப் பற்றியது இது.

மணக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்த பையன் ஒருவன். இப்போது நாற்பது தாண்டிவிட்டான். சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம், கூட நாலு பேர், இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கித் தூண்டில் தொழில். சில வருஷத்துக்கு முன் வீட்டுக்கு வந்தான். கையில் போன். அதில் ஒரு வீடியோ. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் பாய்மரப் படகின் மேல்தளத்தில், தாள் மாதிரி வளைகிற சோலார் பேனலைப் பசை தடவி ஒட்டுகிறார். அதன் மேலேயே நடக்கவும் செய்கிறார்.

“டீச்சரே, இது நம்ம வள்ளத்துக்குச் சரிப்படுமா?” என்று கேட்டான்.

எடை குறைவு, கண்ணாடி கிடையாது, உடையாது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. “நல்லா ஒட்டு மக்களே, காத்துல பறக்காம இருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். 100 வாட் பேனல் ஒன்றை வாங்கி, அணியத்துப் பலகையில் ஒட்டிவிட்டான்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் பேனலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தது. போன ஐப்பசியில் தங்கலுக்குப் போன மூன்றாம் நாள் ராத்திரி பேட்டரி படுத்துவிட்டது. விளக்கு இல்லை, ஜி.பி.எஸ். இல்லை, வயர்லெஸ் இல்லை. போனில் டவர் கிடைக்கிற தூரமும் இல்லை. பெரிய கப்பல்கள் போகிற பாதையில் விளக்கில்லாமல் விடிய விடியக் கிடந்திருக்கிறார்கள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் கரை சேர்ந்தார்கள். அதற்குள் அவன் மனைவி எனக்கு நாலு தடவை போன் பண்ணிவிட்டாள். “டீச்சர், உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல?

அடுத்த வாரம் நானே போய்ப் பார்த்தேன். பேனல் செத்ததற்குக் காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. எல்லாமே நான் வகுப்பில் நடத்திய பாடம்தான்.

முதல் காரணம் சூடு. பேனலில் எழுதியிருக்கிற 100 வாட் என்பது 25 டிகிரி சூட்டில் அளந்தது. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் கறுப்புப் பேனல் 65 டிகிரிக்குச் சுலபமாகப் போய்விடும். 40 டிகிரி கூடுதல் என்றால் 16 சதவீதம் போச்சு. இதுவாவது சாயங்காலம் சூடு தணிந்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அடியில் காற்றுப் போக இடமில்லாமல் ஒட்டிய பேனல் தினமும் வெந்து வெந்து, மேலே உள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகி உப்பிவிடும். அது திரும்பாது. சூடு போக வழி விட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்ன நானே ‘ஒட்டு’ என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, மிதி. பேனல் வளையலாம், ஆனால் உள்ளே இருக்கிற சிலிக்கான் வில்லைகள் அப்பளம் மாதிரி. ஒரு தடவை லேசாக வளைத்துக் கட்டினால் தாங்கும். தினமும் நாலு பேர் மிதித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்த வீடியோவில் நடந்தவர் ஒரு நாள் நடந்தார். நம் பிள்ளைகளுக்கு அது தொழில் செய்கிற இடம்.

மூன்றாவது, நிழல். நம்மூர் மார்கழித் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையும். பேனலில் உள்ள வில்லைகளும் அப்படிச் சங்கிலியாகத்தான் கோத்திருக்கின்றன. ஒரு கயிற்றுச் சுருள் மேலே கிடந்தாலும் பாதிக்கு மேல் கரண்டு குறைந்துவிடலாம்.

நான்காவது, வயர். இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வீட்டுக்குப் போடுகிற வயரை உப்புக்காற்றில் போட்டால் வேறென்ன ஆகும்?

அப்படியானால் வளைகிற பேனலே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. நிலையான கூரை உள்ள படகுக்குக் கண்ணாடிப் பேனல்தான் சரி. வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிற ‘ஆதித்யா’ சோலார் படகுக்குப் பேனல் தாங்க அகலமான கூரை இருக்கிறது. வள்ளத்துக்குக் கூரை ஏது? அலையில் தூக்கிப் போட்டு மணலில் ஏற்ற வேண்டும். 100 வாட் கண்ணாடிப் பேனல் ஆறேழு கிலோ வரும், வளைகிற பேனல் இரண்டு, இரண்டரை கிலோதான். அதனால் வள்ளத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் இது வலை, கயிறு மாதிரி தேய்கிற சாமான் என்று நினைத்து வாங்க வேண்டும். கண்ணாடிப் பேனல் போல 25 வருஷம் வரும் என்று நம்பக் கூடாது.

அவனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ராத்திரி விளக்கு 10 வாட், 10 மணி நேரம்: 100. ஜி.பி.எஸ். 6 வாட், 10 மணி நேரம்: 60. வயர்லெஸ் கேட்பதற்கு 5 வாட், 12 மணி நேரம்: 60. இரண்டு போன் சார்ஜ்: 20. ஆக ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. படுக்கையாகக் கட்டிய 100 வாட் பேனல், நல்ல வெயில் நாலு மணி நேரம் கிடைத்ததாக வைத்தால் 400. சூடு, உப்பு, வயர் என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 270-க்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 100 வாட் மட்டுமட்டாகப் போதும். மழைக்காலத்துக்குப் போதாது. வயர்லெஸ்ஸில் பேசும்போது கரண்டு பல மடங்கு இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது அவன் வள்ளத்தில் இருப்பது 50 வாட் பேனல் இரண்டு. இணையாகக் கொடுத்திருக்கிறோம். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். மேல் படலம் இ.டி.எஃப்.இ. வகை. பி.இ.டி. என்கிற மலிவான வகை வெயிலில் சீக்கிரம் மங்கும். கடையில் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் ஆள் மிதிக்காத உயரத்தில் குழாய்ச் சட்டம் அடித்து, பேனல் ஓரத்துக் கண்களில் கயிறு கோத்துக் கட்டியிருக்கிறான். அடியில் காற்று தாராளமாகப் போகும். காற்று பலத்தால் அவிழ்த்து உள்ளே வைத்துவிடலாம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், பேட்டரிக்கு ஏற்ற கன்ட்ரோலர், பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு துடைப்பு. பேனலில் மிச்சம் பிடித்த காசை வயரிலும் பியூஸிலும் போட்டால் நஷ்டம் இல்லை.

“கரையில் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டு போனால் போதாதா?” என்று சிலர் கேட்பீர்கள். ஒரு ராத்திரித் தொழிலுக்குப் போதும். மூன்று நாள் தங்குகிறவனுக்குப் போதாது. அவன் தாத்தா பாய் கட்டிய மரத்தில் காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிப் போனார். ஆனால் பேரன் போகிற தூரம் வேறு.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்ததை நம் மாவட்டம் மறக்குமா? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக அழுகை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றப் போன கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். செயற்கைக்கோள் வழியாக அவர் அனுப்பிய சின்னச் சின்னச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் போய் மீட்டது. கையிலிருந்த கருவியில் உயிர் இருந்தது.

2024 ஆகஸ்ட் 30-ல் மத்திய அரசு 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எந்தக் கருவியும் கரண்டு இல்லாவிட்டால் வெறும் டப்பா. கருவி கொடுக்கிறவர்கள் அதற்கு வேண்டிய பேனலையும் கன்ட்ரோலரையும் வயரையும் அதன் ஒரு பகுதியாகவே கொடுக்க வேண்டும், சரியாகக் கட்டியும் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கோணம் ஐ.டி.ஐ. பிள்ளைகளை ஒவ்வொரு மீன்பிடித் துறைக்கும் அனுப்பினால் இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாமே. அரசு வேலையில் இருக்கிற என் மாணவர்கள் இதை உரிய இடத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். யாராவது ஏற்கெனவே ஒட்டியிருந்தால், அடுத்த தங்கலுக்கு முன் பேனலில் பழுப்பு இருக்கிறதா, வயர் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். டீச்சருக்கும் தப்பு வரும் என்பதை இந்தத் தடவை நன்றாகவே படித்துக்கொண்டேன்.

எல்லாரும் நல்லா இருங்க மக்களே.