மின்கம்பியில் சிக்கிய விமானம். நூலிழையில் தப்பிய சிறுவன்

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத் திடலுக்கு அண்மையில் வேறொரு செய்திக்காகச் சென்றிருந்தேன். மாலை ஐந்தரை மணி இருக்கும். மூன்று பையன்கள் ரிமோட் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டுக் கொண்டிருந்தார்கள். இணையம் வழி வாங்கிய இலேசான நுரைப்பலகை விமானம். இரண்டு சுற்று அழகாக வந்தது. மூன்றாவது சுற்றில் காற்று தள்ளியதோ, கை தவறியதோ, திடலை ஒட்டிச் செல்லும் மின்கம்பியில் போய்த் தொங்கியது.

அவர்களில் சின்னவன் லயத்துக்கு ஓடினான். அப்பா செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைத் தூக்கி வந்தான். கம்பிக்குக் கீழே நின்று அதை உயர்த்தப் போன நேரத்தில், மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: "டேய், போடுடா கீழே! கம்பியில பட்டா ஆளே இருக்க மாட்டே!"

பையன் கம்பைப் போட்டுவிட்டான். அவர் மட்டும் இரண்டு நிமிடம் தாமதமாக வந்திருந்தால், நான் எழுதியிருக்க வேண்டிய செய்தி வேறு.

டிரோன் வேறு, விமானம் வேறு

பறக்கும் பொருட்களின் ஆபத்து என்றாலே நமக்கு டிரோன்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணமும் உண்டு. 2019 ஜூன் மாதம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் அருகே டிரோன்கள் பறந்ததால் ஓர் ஓடுபாதை மூடப்பட்டு, 37 விமானச் சேவைகள் தாமதமாயின.

ஆனால், புதிதாகப் பழகுபவர் கையில் அதிகம் சிக்கல் தருவது இறக்கை விமானம்தான். இன்றைய டிரோன்களில் பெரும்பாலானவை, விசையிலிருந்து கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். விமானம் நிற்காது. வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து தலைகுப்புற விழும். பயந்துபோய் மூக்கை மேலே இழுப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது, நம் கண்ணுக்கு எல்லாம் இடம் வலமாக மாறிவிடும். அந்த ஒரு நொடிக் குழப்பத்தில்தான் பல விமானங்கள் ஓட்டுபவரை நோக்கியே பாய்கின்றன.

"நுரைதானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். ஒரு கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், அந்த ஆற்றல் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்துக்குச் சமம். முன்னால் சுழலும் விசிறி விரலை வெட்டும். 2013இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 19 வயது இளைஞர் ஒருவர், தாம் இயக்கிய மாதிரி ஹெலிகாப்டர் தாக்கி உயிரிழந்தார்.

பழி சிக்னல் மீது

விழுந்த விமானத்தைப் பொறுக்கி வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது, "சிக்னல் கட்டாகிவிட்டது" என்பதுதான். பழைய கருவிகளில் அது நியாயமான பேச்சு. ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் ஒருவருடைய விமானம் விழுந்துவிடும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தமக்குரிய ஏற்பியோடு மட்டுமே பேசுவதால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி மனிதத் தவறு: மின்கலத்தைச் சரியாகப் பொருத்தாதது, இறக்கைத் துடுப்புகள் எதிர்ப்பக்கம் அசைவதைக் கவனிக்காதது, எடை வால்பக்கம் கூடியிருப்பது.

மன்றங்களில் சேர்ந்து பழகுபவர்களுக்கு மூத்தவர்கள் இவற்றைத் திடலிலேயே சொல்லித் தருகிறார்கள். முதலில் கையிலுள்ள கருவியை இயக்கு, பிறகு விமானத்தின் மின்கலத்தை இணை. முடிக்கும்போது விமானத்தை முதலில் அணை. சிக்னல் அறுந்தால் விசிறி தானாக நிற்கும்படி அமைத்துவை. ஆட்கள் இருக்கும் பக்கம் பறக்கவிடாதே. தோட்டத்துப் பையன்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. யூடியூப் காணொளிதான் ஆசிரியர்.

சட்டமும் உண்டு

இது விளையாட்டுப் பொருள்தானே என்று சட்டம் விட்டுவிடவில்லை. மலேசியப் பொது வான் போக்குவரத்து விதிமுறைகள் 2016இன்படி, ஆளில்லா வானூர்திகள் அனுமதியின்றித் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. விமான நிலையச் சுற்றுவட்ட வான்வெளிக்குள் நுழையவும் அனுமதி வேண்டும். ஈப்போ, சுபாங் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தாமான்களில் நம்மவர்கள் ஏராளமாக வசிக்கிறார்கள். அங்கே வீட்டருகே உள்ள திடல் என்பதாலேயே அது பறக்கவிடத் தகுந்த இடமாகிவிடாது.

பிடுங்கி வைப்பது தீர்வல்ல

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் உடனே விமானத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிடலாம். அது வேண்டாம். இறக்கை ஏன் தாங்குகிறது, மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்று பன்னிரண்டு வயதில் கேட்கும் பிள்ளை நாளை பொறியியல் படிக்கக்கூடிய பிள்ளை. அவனுக்குத் தேவை மின்கம்பி இல்லாத ஒரு திடலும் பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவரும். தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகங்களும் இளைஞர் மன்றங்களும் மாதம் ஒருமுறை இதற்கு நேரம் ஒதுக்கினால் போதும்.

வீட்டிலும் இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். உப்பிய லித்தியம் மின்கலத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல மின்கலத்தையும் மெத்தை மீது வைத்தோ, ஆளில்லாத நேரத்திலோ சார்ஜ் செய்யக் கூடாது. விமானம் மின்கம்பியில் சிக்கினால் அதை மறந்துவிட வேண்டும். உயர் அழுத்தக் கம்பியில் தொடக்கூடத் தேவையில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொன்னால் போதும்.

நான் கிளம்பும்போதும் அந்த விமானம் கம்பியில்தான் ஆடிக்கொண்டிருந்தது. சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் அலுமினியக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவனை வண்டியின் பின்னால் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போனார்.