மேலே ஏறினால் குளிர்வதேன்?



பெருநாள் விடுமுறையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் சென்ற குடும்பத்தார் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேட்டில் இறங்கியதும், பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒடுங்கிக் கொள்வார்கள். "அத்தா, மலைதானே சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது? பிறகு ஏன் குளிர்கிறது?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

சூரியன் இருப்பது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதில் நாம் ஏறிய ஒரு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அன்று. மேலும், வெயில் முதலில் நிலத்தையே சூடேற்றுகிறது. நிலம் தன்னைத் தொட்ட காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழுகிறது. எழுந்த காற்று ஏன் குளிர வேண்டும்?

உங்கள் வீட்டு சைக்கிள் பம்பைத் தொட்டுப் பாருங்கள். காற்றை அழுத்த அழுத்த அதன் அடிப்பகுதி சுடும். டயரிலிருந்து காற்றைத் திறந்து விட்டால், அது சில்லென்று வெளிவரும். ஆம்! அழுத்தினால் காற்று சூடாகிறது, விரிந்தால் குளிர்கிறது. உயரே செல்லச் செல்ல வளிமண்டலத்தின் அழுத்தம் குறைவதால், ஏறும் காற்று விரிகிறது. விரிவதற்குத் தன்னிடமுள்ள வெப்பத்தையே செலவிடுகிறது. எவரும் அதனிடமிருந்து வெப்பத்தைப் பறிக்கவில்லை. எனினும் அது குளிர்ந்து விடுகிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. மேகமாகாத காற்று 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். அதே அளவு இறங்கினால் 10 டிகிரி சூடாகும். ஆனால், காற்றிலுள்ள நீராவி மேகமாக மாறத் தொடங்கினால், அந்த நீராவி தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே ஈரக்காற்று 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டிகிரி மட்டுமே குளிரும்.

இந்த வேறுபாடுதான் ஏலமலையின் இருபுறத்தையும் இரு வேறு உலகங்களாக்கியது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கடற்கரையில் 27 டிகிரியோடு புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். 400 மீட்டர் உயரத்தில் அது 23 டிகிரியாகி மேகம் கட்டுகிறது. பின்னர் மழையைப் பொழிந்தவாறே 1,400 மீட்டர் ஏறும்போது 18 டிகிரியாகிறது. முகட்டைக் கடந்து, ஈரம் இழந்த காற்றாகப் போடிப் பக்கம் 400 மீட்டர் உயரத்திற்கு இறங்கினால் என்ன ஆகும்? 28 டிகிரி! ஒரே உயரம், மேற்கே 23, கிழக்கே 28. நம் நெய்ச்சோற்றில் மணக்கும் ஏலக்காய் மேலே ஈரநிழலில் விளைய, அதை ஏலம் விடும் போடி நகரம் ஆடி மாதத்தில் வறண்ட காற்றில் நிற்பதன் இரகசியம் இதுவே. போடிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைதான் பெருந்துணை.

இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. பகலில் வெயில் பட்ட சரிவை ஒட்டிக் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தில் இறங்கும். மலையில் தீப்பிடித்தால் அனலும் மேல்நோக்கியே பாய்ந்து, மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்தி விடுகிறது. எனவே சரிவில் தீ மேல்நோக்கி விரைந்தோடும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க இயலுமா?

ஆகவே, பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்களைச் சொல்லி வையுங்கள். மலையில் தீயைக் கண்டால், அதற்கு மேலே சரிவில் ஏறி ஓடலாகாது. புல்லற்ற வெற்று நிலத்தைத் தேடிப் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ விலக வேண்டும். கோடையில் வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையவே கூடாது.

மற்றொன்று தாய்மார்களுக்கு: போடியில் வெயில் கொளுத்துகிறதே என்று கைக்குழந்தைக்கும் முதியவர்க்கும் கம்பளி உடையை எடுக்காமல் புறப்பட்டு விடாதீர்கள். மேட்டில் பொதுவாக ஆறேழு டிகிரி குறைவு. மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் நடுக்கும். விடியுமுன் ஜீப்பில் ஏறித் தோட்டங்களுக்குச் செல்லும் நம் தொழிலாளச் சகோதரிகள் இதை நாள்தோறும் உடலால் அறிந்தவர்கள். அவர்களைக் கண்டால் கேட்டுப் பாருங்கள். நாம் கணக்கிட்டுச் சொன்னதை அவர்கள் அனுபவத்தால் சொல்வார்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.