கச்சேரி ரெக்கார்டிங்: மைக்கின் விலை முக்கியமா, வைக்கும் இடமா?

கச்சேரியை போனிலேயே ரெக்கார்டு பண்ணிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பிறகு கேட்டால், மிருதங்கம் ஓங்கும் இடத்தில் பாட்டு அமுங்கிக் கிடக்கும். ஒலி அளவை போன் தானாகவே ஏற்றி இறக்குவது இதற்கு முக்கியக் காரணம்.

அதற்காக லட்ச ரூபாய் மைக் வாங்க வேண்டுமா? தேவையே இல்லை. ஒரே மாடலில் இரண்டு கார்டியாய்டு கண்டென்சர் மைக்குகள், 48 வோல்ட் மின்சாரம் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், உயரமான ஸ்டாண்ட் போதும்.

மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி கோணத்தில் வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பது பிரெஞ்சு வானொலியில் பிறந்த ஓஆர்டிஎஃப் முறை. வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், நடுவில் பாட்டு எனத் தெளிவாகப் பிரியும்.

அலைச்சல் அதிகமா? இரண்டு மைக்குகள் சேர்ந்தே வரும் கையடக்க ரெக்கார்டர் வசதி. வீட்டில் எதிரொலித்தால் மைக்கை இன்னும் நெருக்கமாக வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். சபாவில் ஸ்பீக்கர்களைவிட்டுத் தள்ளி, மேடைக்கு நேராக வைப்பதே நல்லது.

மேடையில் ரீடேக் கிடையாது. அன்றைய ஆலாபனை அன்றோடு சரி. அதனால், விலையுயர்ந்த மைக்கைத் தேடும் முன் இருக்கும் மைக்கைச் சரியான இடத்தில் வைக்கப் பழகுவதே புத்திசாலித்தனம்.