மூட்டைக் கணக்கு மட்டும் போதுமா?

நம் இதழில் வரும் அனுபவக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். மாதத்துக்கு ஒருவராவது "40 மூட்டை எடுத்தேன்" என்று எழுதுகிறார். சந்தோஷம்தான். ஆனா, முப்பது வருஷம் வங்கியில் பயிர்க்கடன் மனு பார்த்த கை உடனே பென்சிலைத் தேடுது. 60 கிலோ மூட்டையா, 75 கிலோ மூட்டையா? ஏக்கருக்கா, காணிக்கா? எங்க மரக்காணம் பக்கம் இன்னும் காணிக் கணக்குதான். ஒரு காணி 132 சென்ட். அறுத்த அன்றைக்கே போட்ட எடையா, காயவைத்த பிறகா? அதே பட்டத்தில் பக்கத்து வயலில் என்ன விளைந்தது? இதற்கெல்லாம் கட்டுரையில் பதில் இருக்காது.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது விஞ்ஞானிகள் வேலை, நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் செம்மை நெல் சாகுபடியின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பாதிரியார், 1983-84 வாக்கில், 15 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக நட்டுப் பார்த்தார். பயிர் தூர் கட்டியதைக் கண்டு அங்கிருந்த விவசாயிகளோடு சேர்ந்து முறையை வளர்த்தார். அது ஒரு ஆய்விதழில் கட்டுரையாக வந்தது 1993இல். இரண்டே வருஷத்தில் அவர் இறந்துவிட்டார். அந்தக் கட்டுரையும் வராமல் போயிருந்தால்?

அதன் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதை உலகெங்கும் கொண்டுபோனார். மடகாஸ்கரில் எக்டேருக்கு 15 டன், 20 டன் என்று செய்தி பரவியதும் எதிர்ப்பும் கிளம்பியது. 2004இல் ஷீஹியும் மற்றவர்களும் சீனாவில் மூன்று இடங்களில் சோதித்து, இந்த முறைக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். முறையை முழுசாகக் கடைப்பிடிக்காமல் சோதித்தார்கள் என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். நான் செம்மை நெல் பக்கம்தான். இருந்தாலும் "அந்த 20 டன்னை எப்படி அளந்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்வி என்பேன்.

நம்ம ஊரில் அதற்குப் பதில் வேறு விதமாகக் கிடைத்தது. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 100 விவசாயிகளின் வயலில் செம்மை நெல்லையும் வழக்கமான நடவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சராசரியாக எக்டேருக்கு ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதல். 20 டன்னுக்கு முன்னால் இது சின்னக் கணக்குதான். ஆனால் அரசாங்கத்தை அசைத்தது இந்தச் சின்னக் கணக்கு.

எங்க பக்கத்து நிலத்துக்கு வருகிறேன். உப்பளத்தை ஒட்டிய வயலில் கிழக்கு வரப்பு வெயில் காலத்தில் வெள்ளை பூத்து நிற்கும். மேற்கே போகப்போக உவர் குறையும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் நெல் கூடுமா என்று பார்க்க ஒருத்தர் ஆசைப்படுகிறார் என்று வச்சுக்கோங்க. மேற்குப் பாதியில் தக்கைப்பூண்டு, கிழக்குப் பாதியில் சும்மா என்று விட்டால், ஜெயிப்பது மேற்கு மண், பேர் தக்கைப்பூண்டுக்கு. அதனால் வயலை எட்டுத் துண்டாகப் பிரிக்கணும். ஒவ்வொரு துண்டும் கிழக்கு வரப்பில் தொடங்கி மேற்கு வரப்பில் முடியணும். அப்பதான் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாத் துண்டுக்கும் சமமாக விழும். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, எதற்குத் தக்கைப்பூண்டு என்பதைக் காசு சுண்டி முடிவு பண்ணணும். நாமாகத் தேர்ந்தெடுத்தால் மனசு நல்ல துண்டுக்கே போகும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்டு ஃபிஷர் 1920களில் உலகத்துக்குச் சொன்னது இதுதான். துண்டுகளுக்கு நடுவே வரப்பு கெட்டியாக இருக்கட்டும், தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடினால் கணக்கு கெட்டது.

இன்னொரு சங்கதி, வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் நல்லா கொட்டிவிட்டால் உப்பு கழுவிப் போய்விடும். அந்த வருஷம் எந்தக் கரைசலை ஊற்றியவரும் மேதைதான். ஊற்றாத துண்டு பக்கத்திலேயே இருந்தால்தான் மழையின் பங்கு எது, கரைசலின் பங்கு எது என்று பிரியும். ஒரு வருஷம் போதாது, இரண்டு மூன்று பட்டமாவது பார்க்கணும்.

கட்டுரையை அறுவடைக்கப்புறம் உட்கார்ந்து எழுதுவது என்று நினைக்காதீங்க. என்ன கேள்வி, எப்படிச் சோதிக்கிறோம் என்ற பகுதிகளை விதைக்கு முன்னாலேயே எழுதி, தேதி போட்டு வைக்கணும். அப்புறம் நாற்று வயது, நட்ட தேதி, மழை, களை எடுத்த ஆள்கூலி எல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் ஏறணும். நெல்லை 14 சதம் ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டு எழுதணும். ஈரப்பதம் பார்க்கும் கருவி நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலேயே இருக்கு. முடிவு சாதகமா இல்லையென்றால் கேள்வியை மாற்றக் கூடாது.

கேள்வி நம்முடையதாக இருக்கணும் என்பது இதைவிட முக்கியம். நம்மாழ்வார் அய்யா 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் ரசாயன உர அளவுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர். மானாவாரி விவசாயிக்கு அந்த ஆய்வுகள் உதவாது என்று கண்டுதான் வேலையை விட்டு வெளியே வந்தார். அவர் சண்டை ஆய்வோடு அல்ல, யாருக்காக ஆய்வு என்பதோடு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன் என்றால், போன வருஷம் எங்க பக்கத்தில் ஒரு தம்பி, கூட்டத்தில் கேட்ட ஒரு மகசூல் பேச்சை நம்பி உவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பயிர் பால் பிடிக்கவே இல்லை. வீட்டுக்காரம்மா நகை அடகில் இருக்கு. கூட்டத்தில் பேசியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நிலம் செம்மண், கிணறு நல்ல தண்ணீர். அதை அவர் சொல்லவில்லை, கேட்க யாருக்கும் தோணவில்லை.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சம்பா விதைப்புக்கு முன்னால் சோதனைத் திட்டங்களை வாங்கி ஒரு பக்கத்தில் போடுங்கள். தை, மாசியில் முடிவையும் போடுங்கள். தோற்ற சோதனைக்கும் அதே அளவு இடம் வேணும். எங்க பகுதிக்காரங்க மண், தண்ணீரின் உப்பு அளவு பார்க்கத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஆய்விதழுக்கு அனுப்ப அங்குள்ள விஞ்ஞானிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வதும் நல்லதே. இரண்டு விஷயத்தை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் வயல்காரர் பேரும் இருக்கணும். நன்றி சொல்லும் கடைசி வரியில் அல்ல. அச்சானதும் தமிழில் ஒரு பிரதி வயலுக்கு வரணும்.