லைட் எரிந்தால் போதுமா?

"லைட் எரியுதுதானே, பிறகென்ன?"

கணனி வலையமைப்புக்குக் கேபிள் பதித்து முடித்தவர்கள் நம் ஊரில் வழங்கும் இறுதித் தீர்ப்பு இது. உட்துறைமுக வீதியிலிருந்து சீனக்குடா வரை, அலுவலகமோ பாடசாலையோ களஞ்சியமோ, இந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. பட்டியல் கொடுக்கப்படும், பணமும் கொடுக்கப்படும். சில மாதங்கள் கழித்து வலையமைப்பு திணறத் தொடங்கினால் பழி கணனியின் மீது விழும், இணைய நிறுவனத்தின் மீது விழும், மழையின் மீதும் விழும். சுவருக்குள் கிடக்கும் கேபிளை மட்டும் எவரும் சந்தேகிப்பதில்லை.

என் வாதம் சுருக்கமானது. நம் இளைஞர்களுக்குக் கேபிள் இழுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். இழுத்ததை அளந்து பார்ப்பதை, நேரமிருந்தால் சொல்லிக்கொடுக்கும் பின்னிணைப்பாக வைத்திருக்கிறோம். அளக்கத் தெரியாத ஒருவரைத் தொழில்நுட்பவியலாளர் என்று அனுப்பிவைப்பது அவருக்கும் அநீதி, அவரிடம் வேலை வாங்கும் ஊருக்கும் அநீதி.

முதலில் செப்புக் கேபிள். அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய சோடிகள். அந்த முறுக்குத்தான் ஒரு சோடியின் பேச்சு அடுத்த சோடிக்குள் கசியாமல் காக்கிறது. நியமப்படி 3ஆம், 6ஆம் முனைகள் ஒரு சோடி. 4உம் 5உம் இன்னொரு சோடி. விபரம் தெரியாதவர் 3-4, 5-6 என்று வரிசையாகவே சோடி சேர்த்துவிடுவார். இரு முனைகளிலும் ஒரே தவறைச் செய்தால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பரிசோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஏனெனில் அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பது மட்டுமே. கேட் 6 கேபிளை 250 மெகாஹேர்ட்ஸ் வரை அளந்து, கசிவையும் இழப்பையும் எதிரொலிப்பையும் கணக்கிடும் சான்றளிப்புக் கருவி வேறு. அதையும் பழகாத கையில் கொடுத்தால் பயனில்லை. கேட் 6 என்று பதித்துவிட்டுக் கருவியில் கேட் 5இ எல்லையைத் தெரிவுசெய்தால், தோற்க வேண்டிய இணைப்பும் 'பாஸ்' என்று வரும். அப்போது கருவி பொய் சொல்லவில்லை, கேள்விதான் பொய்யானது.

நம் ஊரின் வெப்பமும் கணக்கில் சேர வேண்டும். நிலையாகப் பதிக்கும் செப்பு இணைப்புக்கு 90 மீற்றர் என்ற எல்லை 20 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டது. கவசமில்லாத கேபிளில் 20 பாகையிலிருந்து 40 பாகை வரை ஒவ்வொரு பாகைக்கும் சமிக்ஞை இழப்பு 0.4 சதவீதம் கூடும் என்று நியமமே சொல்கிறது. அதாவது 40 பாகையில் 8 சதவீதம் அதிகம். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியில் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை. காலையில் மயிரிழையில் தேறிய இணைப்பு மத்தியானத்தில் தோற்கலாம். இதை நம் பயிலுநருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். குளிர்நாட்டுக் கைநூல் சொல்லிக்கொடுக்காது.

அடுத்தது ஒளியிழை. பைபர் வந்துவிட்டது, இனிப் பிரச்சினையே இல்லை என்று நம்புகிறவர்கள் பலர். நெடுந்தூர இழையில் ஒளி செல்லும் உட்கருவின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்குரோமீற்றர். தலைமயிரின் பருமனில் எட்டில் ஒரு பங்கு அளவு. அங்கே ஒரு தூசி என்பது வீதியின் குறுக்கே விழுந்த பனைமரம். சிவப்பு ஒளியைச் செலுத்தி மறுமுனையில் தெரிகிறதா என்று பார்ப்பது, குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்பதால் தாங்கி நிறையும் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது. எவ்வளவு ஒளி இழக்கப்பட்டது என்பதல்லவா கேள்வி? ஓர் இணைப்பியில் நியமம் அனுமதிக்கும் உச்ச இழப்பு 0.75 டெசிபல், அதுவே ஏறத்தாழ 16 சதவீத ஒளி. முனையைத் துடைத்து, நுண்காட்டியால் பார்த்து, ஒளிமூலத்தையும் மானியையும் முதலில் ஒப்பீட்டு அளவில் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். அந்த முதற்படி பிழைத்தால், உள்ளே போனதைவிட வெளியே வந்த ஒளி அதிகம் என்று கருவி காட்டும் அதிசயமும் நிகழும். அதையும் கோப்பில் கோத்து ஒப்படைப்பவர் உண்டு. இன்னொன்று: தொடர்புக்குப் பயன்படும் 1310, 1550 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. உயிருள்ள இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பையனுக்கு அந்த ஆபத்தைச் சொல்லாத பயிற்சி என்ன பயிற்சி?

சோதிக்கத் தெரியாதவர் சோதித்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறும் சாட்சி. 1858இல் அத்திலாந்திக் கடலடியில் இடப்பட்ட முதலாவது தந்திக் கேபிள் ஒரு மாதம்கூட உயிர்வாழவில்லை. ஏற்கெனவே பலவீனமாயிருந்த அந்தக் கேபிளுக்குள் மருத்துவராகப் பயின்ற வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ற் அழுத்தத்தைச் செலுத்தினார். நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவியை வில்லியம் தொம்சன் அப்போதே உருவாக்கியிருந்தார். ஒழுங்காக அளந்து சோதித்து இடப்பட்ட கேபிள் 1866இல்தான் நிலைத்தது.

கருவி விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், பல இலட்சம் ரூபா. 2022 நெருக்கடிக்குப் பிறகு ரூபா இருக்கும் நிலையில் ஒவ்வொரு நிலையமும் வாங்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை, உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் எல்லாம் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு தொகுதியைப் பகிர்ந்துகொள்ள எது தடை? நம் நாட்டின் தேசிய தொழில்சார் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. செய்து காட்டுவதே தேர்ச்சி என்பது அதன் அடிப்படை. அப்படியானால், ஆசிரியர் ஒளித்துவைத்த பிழையைப் பயிலுநர் தன் கையால் அளந்து கண்டுபிடித்து, ஏன் தோற்றது என்று தமிழில் விளக்காதவரை அவருக்குத் தகைமை கொடுக்கக்கூடாது. திரையில் 'பாஸ்' என்ற ஒரு சொல்லை மட்டும் வாசிக்கப் பழகியவர் அளக்கப் பழகியவர் அல்லர்.

வேலை கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. கேள்விமனுவில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வோர் இணைப்பின் மூல அளவீட்டுக் கோப்பும் கையளிக்கப்பட்ட பின்பே இறுதிக் கொடுப்பனவு. அச்சிட்ட தாள் போதாது. ஒரே அளவீட்டை ஐம்பது பெயர்களில் அச்சிடும் வித்தை உலகெங்கும் உண்டு. அந்த ஒரு வரி வந்தால் பயிற்சி தானாகவே தேடப்படும்.

இதில் நம் பிள்ளைகளின் பிழைப்பும் இருக்கிறது. வெயிலில் ஏணியேறிக் கேபிள் இழுப்பவர் நம் ஊர்ப் பையன், நாட்கூலி அவருக்கு. குளிரூட்டிய வாகனத்தில் கருவியோடு வந்து அளந்து கையொப்பமிடுபவர் வெளியூரார், கட்டணம் அவருக்கு. கூலிக்கும் கட்டணத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில வாரப் பயிற்சிதான்.

கொட்பேயில் எந்த மீனவரும் வலையை விரித்து, கிழிசல் பார்த்து, பொத்திய பிறகே கடலுக்குக் கொண்டுபோவார். படகு மிதக்கிறதுதானே, பிறகென்ன என்று அவர் கேட்பதில்லை. அந்தப் புத்தியை நம் பயிற்சி நிலையங்கள் எப்போது கற்கப்போகின்றன?