வெறுங்காணி என்றொன்று உண்டோ?

“நுரைச்சோலையில் அப்படி என்னதான் இருந்தது? வெறும் மணலும் பனையுந்தானே!” கற்பிட்டிக் குடாநாட்டின் இக்கரையோரத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைவதற்கு மீனவரும் விவசாயிகளும் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தை நேசிப்போரும் எதிர்ப்புத் தெரிவித்த காலந்தொட்டு, இக்கூற்றுப் படித்தவர் வாயிலிருந்தே அடிக்கடி வெளிப்பட்டு வந்துள்ளது. ஒரு நிலத்துக்கு ‘வெறுங்காணி’ எனப் பெயரிட்ட கணமே அதன்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. இத்தீர்ப்பை ஏற்க மறுத்த ஒரு கலைஞன் இந்நாட்டில் வாழ்ந்தான்.

அவன் பெயர் லக்கி சேனநாயக்க. 1937இல் பிறந்து 2021 மே மாதத்தில் மறைந்தவன். இலங்கைப் பாராளுமன்றத்துக்கு 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தெரிவான புளோரன்ஸ் சேனநாயக்கவின் மகன். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைஞனாகப் பணியாற்றியவன். கட்டட வரைபடங்களில் மரம் என்றால் ஒரு வட்டம், அவ்வளவே. லக்கியும் அவனுடைய தோழர்களும் அவ்வட்டத்தை ஏற்கவில்லை. அவர்கள் கைபட்ட வரைபடங்களில் மரங்கள் இலையோடும் கிளையோடும் தத்தம் வடிவில் நின்றன. கட்டடம் எழும்பும் நிலத்தில் ஏற்கெனவே உயிர்கள் குடியிருக்கின்றன என்பதற்கு அக்கோடுகள் சாட்சியாயின.

அவனது சிற்பங்களும் இந்தக் கண்ணிலிருந்து பிறந்தவையே. கந்தளம ஹோட்டலின் படிக்கட்டருகே சிறகு விரித்த ஆந்தை, பெந்தோட்டை ஹோட்டலின் மயில், 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றச் சபாமண்டபத்தில் தொங்கும் ஓலை வடிவச் சரவிளக்கு ஆகியவை அவன் கைவண்ணம். தம்புள்ளைக்கு அண்மையில் தியபுபுல என்னுமிடத்தில் அவன் மரம் நட்டு, நீர் தேக்கி, ஒரு காட்டையே வளர்த்து, அதன் நடுவே சுவரற்ற வீட்டில் வாழ்ந்தான். சிற்பம் செய்வதற்கு முன் சிற்பத்துக்குரிய உலகத்தையே செய்துகொண்டவன் என அவனைக் கூறுதல் மிகையாகாது.

“ஹோட்டல்களை அலங்கரித்தவனுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் என்ன உறவு?” என்று ஒரு சாரார் வினவக்கூடும். நியாயமான வினாவே. அவனுடைய ஆந்தையை நுரைச்சோலைச் சிறுவன் கண்டிருக்க மாட்டான். ஆயின் 1979இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களை வரைந்தவனும் இவனே. மீனும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் இந்நாட்டின் காட்டுச் செடிகொடிகளும் இரண்டு ரூபாய் முதல் நூறு ரூபாய் வரையான தாள்களில் இடம்பெற்றன. மீன் விற்றவன் மடியிலும் வெங்காயம் விற்றவன் மடியிலும் அவை இருந்தன. எந்தச் சிற்பக்கூடத்துக்கு இத்தனை பார்வையாளர் வாய்த்தனர்?

“மின்சாரமின்றி நாடு வாழுமோ?” என்பது அடுத்த வினா. வாழாது. 2011இல் இயங்கத் தொடங்கி, 300 மெகாவாற்றுக் கொள்ளளவுடைய மூன்று பிறப்பாக்கிகளால் 900 மெகாவாற்றை எட்டிய இந்நிலையத்தின் பயனை மறுப்பார் இலர். கொண்டது என்ன என்பதற்குக் கணக்கு உண்டு; கொடுத்தது என்ன என்பதற்குக் கணக்கு எங்கே? நிலக்கரித் தூசும் சாம்பலும் பயிரிலும் வீட்டிலும் படிவதாக ஊரவர் முறையிட்டு வந்துள்ளனர். புத்தளம் களப்பின் கண்டற்காடு, கடற்புல், ஓங்கில், கடற்பசு ஆகியவற்றுக்குப் பெயரே தெரியாதவன் அவற்றின் விலையை எவ்வாறு கணக்கிடுவான்? இருந்ததைக் காணாதவனுக்கு இழந்ததும் தெரிவதில்லை.

இவ்விடத்தில் குற்றம் திட்டமிடுவோரை மட்டும் சார்ந்ததன்று. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அழைத்த கபிலனை நமது மாணவர் பரீட்சைக்கு மனனம் செய்கின்றனர்; விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். நெய்தல் திணைக்கு முதல், கரு, உரி வகுக்கத் தெரிந்தவர்க்கு நெய்தல் நிலத்து மனிதன் ஏன் முறையிடுகிறான் என்பது தெரியவில்லை. கபிலன் சொல்லால் செய்ததை லக்கி கோட்டாலும் உலோகத்தாலும் செய்தான். இருவரும் பெயரற்றுக் கிடந்ததைப் பெயருடையதாக்கினர். ‘சிங்களக் கலைஞன்’ என்று அவனை ஒதுக்கி வைப்போர் கபிலனையும் கல்லாதோரே.

‘இயற்கையை நேசித்த சிற்பி’ என்னும் புகழுரையோடு அவனை அடக்கம் செய்துவிடுதல் எளிது. கடினமானது, அவனைப் போலப் பார்க்கப் பழகுதல். புத்தளத்துப் பாடசாலைகளின் சித்திர வகுப்பு, மேசைமீது வைத்த பூச்சாடியை விட்டுக் களப்பின் கரைக்குச் செல்லட்டும். ஒரு கண்டல் வேரை ஒரு மணிநேரம் இருந்து வரைந்த பிள்ளை, வளர்ந்து அதிகாரியாய் அமரும் நாளில், எந்தக் கடிதத்திலும் ‘வெறுங்காணி’ என்று எழுதக் கூசும். அக்கூச்சத்தைத் தராத கல்வி கல்வியாகுமோ?