ஓட்டை விழாத இலையும் காடென்னும் பொய்யும்

மரத்தைப் பற்றி எழுதப் புகும் நம் கவிஞர்களிடம் இரண்டே உருவகங்கள் கைவசம் உள்ளன. ஒன்று, வெட்டுபவனுக்கும் நிழல் தரும் வள்ளல். மற்றது, புழு அரித்த இலையோடு மௌனமாய் அழும் அபலை. இரண்டும் மரத்தை அறியாதவர் எழுதியவை என்பதே நம் குற்றச்சாட்டு.

மரம் பொறுமையின் வடிவம் அன்று. ஓடி ஒளிய முடியாத உயிராதலால் தன் இலையையே ஆயுதசாலை ஆக்கிக்கொண்டது. வேம்பின் அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது. மீறித் தின்றால் தோலுரித்து வளரவிடாது. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை என்பதைப் பிரதானும் அவருடைய சகாக்களும் 1962இல் பதிவு செய்தனர். 1983இல் அமெரிக்காவில் பால்டுவினும் ஷூல்ட்சும் பாப்லர் கன்றுகளின் இலைகளைக் கிழித்துப் பார்த்தனர். அதே காற்றைப் பகிர்ந்துகொண்ட, காயம்படாத கன்றுகளிலும் தற்காப்பு வேதிப்பொருள்கள் கூடின. உடனே 'மரங்கள் பேசுகின்றன' என்று கவிதைக்குக் கிளம்புவோருக்கு ஒரு சொல்: அது அன்பின் தூதாக இருக்க வேண்டியதில்லை, வெறும் ஒட்டுக்கேட்டலாகவும் இருக்கலாம்.

உருவகப் பிழையோடு போயிற்றென்றால் விட்டுவிடலாம். ஆனால் பச்சையைக் கண்டதும் உருகிவிடும் இந்த மனம்தான், புதுக்கோட்டைச் சீமையில் வரிசை பிடித்து நிற்கும் தைலமரத் தோட்டங்களையும் காடென்று ஒப்புக்கொண்டது. 'பூச்சி அண்டாத மரம்' என்று அதற்குப் பாராட்டு வேறு!

ஏன் அண்டவில்லை? அதன் சொந்த மண்ணாகிய ஆஸ்திரேலியாவில் அந்த இலையின் எண்ணெய் நஞ்சைச் சமாளிக்கப் பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகிய வண்டுகளும் புழுக்களும் உண்டு, கோலாவும் உண்டு. நம் பூச்சிகளுக்கோ அந்தப் பழக்கம் இல்லை. பூவுக்குத் தேனீ வரும், மறுக்கவில்லை. ஆனால் இலையில் புழு அருகிய இடத்தில் தாய்க்குருவி தன் குஞ்சுக்கு எதைக் கொண்டுபோகும்? அந்தக் கோட்டையும் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு குளவி 2001இல் இந்தியாவில் தலைகாட்டி, தைலமரத்தின் இலைக்காம்பையும் நடுநரம்பையும் புடைக்க வைத்தது. நஞ்சு அந்நியனைத் தடுக்கும். பரம்பரைப் பகையாளியைத் தடுப்பது கடினம்.

நம் சாலையோர எருக்கைப் பாருங்கள். அதன் பாலுக்கு ஆடும் அஞ்சும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதையே தின்று வளர்கிறது. செடி காக்கிறது, புழு கற்கிறது, செடி மீண்டும் மாறுகிறது. முடிவில்லாத இந்த வழக்குக்குப் பெயர்தான் காடு. நம் ஊர்க் கோயில்காடுகளில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, ஓட்டை விழுந்த இலையைக் கண்டு கண்ணீர் விடும் கவிதைகளை நிறுத்திக்கொள்வோம். அழ வேண்டுமாயின், ஓர் ஓட்டையும் இல்லாத இலைகளின் கீழ் நின்று அழுவோம்.